சிம்னி புகையாத இரண்டு மாதம்

சாம்பலில் கட்டடக் கல் செய்து பிழைக்கிறவர்கள் நாங்கள். உங்களில் யாராவது ஃப்ளை ஆஷ் கல் யூனிட் வைத்திருந்தால், என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

விளைகிற கல்

சங்கரன்கோவிலுக்கு வெளியே கரிசல் காட்டில் என் யூனிட். எங்கள் கல்லைச் சுடுவதில்லை. அச்சில் அடித்து அடுக்கி, நாள் தவறாமல் தண்ணீர் விட்டால் தானாக இறுகும். காலை வெயிலில் ஹோஸ் பைப்போடு நின்றால், நனைந்த சாம்பல் வாசனையில் நான் எங்கேயோ போய்விடுவேன். ஒருநாள் கல் பார்க்க வந்த திருவேங்கடத்து விவசாயி, வெகுநேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்ணி நல்லாத்தான் பாய்ச்சுதீரு. அறுப்புக்கு எப்ப வே வரணும்?"

புகை வருதாலே?

சாம்பல் வருவது கடற்கரை அனல்மின் நிலையத்திலிருந்து. லாரி ஓட்டும் முருகனுக்கு அதன் பக்கத்திலேயே வீடு. தினமும் காலையில் போன் போட்டு, "புகை வருதாலே?" என்பேன். மாடியில் ஏறி சிம்னியைப் பார்த்துச் சொல்வான். புகை வந்தால் சாம்பல் உண்டு, எங்களுக்கு வேலையும் உண்டு.

பிறகு புகைக்குக் கட்டுப்பாடு கூடியது. கந்தகத்தைப் பிடிக்கிற இயந்திரம் மாட்டும்வரை அந்தப் பழைய மின் நிலையத்தையே நிறுத்திவிட்டார்கள். என் மெஷினும் நின்றது. ஆறு பேருக்கு வேலையில்லை. எனக்கோ பட்டப்பகலில் கனவு. மேற்கே மலைமேல் மேகம் ஏறினால்கூட சிம்னிதான் புகைகிறதோ என்றிருக்கும். கல் அடுக்கும் மாரியம்மாள் முகத்துக்கு நேரே சொன்னாள்: "இன்னும் ஒரு வாரம் பாப்பேன் அண்ணாச்சி. பெறவு தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருவேன்."

கோமதியம்மன் வரிசையில்

அந்த வாரமே முருகன் வந்தான். லாரியில் இல்லை; மனைவி, சின்ன மகளோடு பஸ்ஸில், எங்கள் ஊர்க் கோமதியம்மனைக் கும்பிட. சிம்னி சீக்கிரம் புகையவேண்டும் என்று வேண்டிக்கொள்ள நானும் கூடப் போனேன். வரிசையில் நின்றபோது வாய் சும்மா இருக்கவில்லை. "கந்தக மெஷின மாட்டிட்டானாலே? எப்ப புகை வரும்?"

லாரி ஓடாமல் அவனுக்கும் வேலையில்லைதான். ஆனாலும் தோளில் தூங்கிய மகளை மெல்லத் தட்டியபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ரெண்டு மாசமா பிள்ள மூச்சு இளைப்பு இல்லாம உறங்குதா அண்ணாச்சி. அதுக்குத்தான் அம்மனக் கும்பிட வந்தேன். இன்னைக்கு மட்டும் புகையைப் பத்திக் கேக்காதிய."

எனக்கு வெட்கமாகிவிட்டது; எதையும் வேண்டாமல் கைகூப்பிவிட்டுத் திரும்பினேன், அந்த மாதம் எனக்குக் கிடைத்த சாம்பலெல்லாம் நெற்றியில் பூசிய திருநீறு மட்டும்தான்.