வெறுங்காலைக் கடித்த பெட்டி

விரல் நுனியில் சுள்ளென்று தொடங்கி, முழங்கை வரை எறும்பாய் ஊர்ந்து ஏறி, பல்லுக்குள் ஒரு புளிப்பாக முடியும் கறண்ட் அடியை எனக்கு முதலில் தந்தது, முல்லைத்தீவுக் கடைத்தெருவில் என் வகுப்புத் தோழன் றவூப்பின் வாப்பா நடத்திய குளிர்பானக் கடையில் நின்ற விளையாட்டுப் பெட்டி. பிற்காலத்தில் மின்சார வேலையிலேயே சீவித்து ஓய்வூதியமும் எடுத்துவிட்டேன். அவ்வளவு மரியாதையான அடியை வேறெந்தக் கம்பியும் தரவில்லை. ஆளுயரப் பெட்டி. முகத்தில் திரை, இடுப்பளவில் இரும்புத் தட்டு, அதில் ஒரு பிடியும் இரண்டு பொத்தான்களும். சில்லறையைப் போட்டால் வானத்திலிருந்து இறங்கும் கப்பல்களைச் சுடலாம். எங்கள் ஊரில் துவக்குச் சத்தம் அந்தப் பெட்டிக்குள் மட்டும் கேட்ட காலம்.

"நானா, உங்கடை பெட்டி கடிக்குது!" என்று, நாயாற்றிலிருந்து மீன் கொண்டுவந்து, காலில் உப்புத் தண்ணீர் காயாமலே விளையாட நிற்கும் இளைஞர்கள் துள்ளுவார்கள். முஸ்லிம் கடைக்காரரை எங்கள் ஊர் அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடும்.

"தோக்கிறதுக்குச் சாட்டுச் சொல்லாதையுங்கோ தம்பி" என்பார் றவூப்பின் வாப்பா. ஆனாலும் ஓர் உயிர் போய்விடுமோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். "திருத்தேலாட்டி உந்தப் பெட்டியைக் கொழும்புக்கே ஏத்திப்போடுவன்" என்று ஒருநாள் சொன்னார். எனக்கு அது, றவூப்பையே லொறியில் ஏற்றி அனுப்பப் போவதாகக் கேட்டது.

வவுனியாவிலிருந்து திருத்துநர் ஒருவர் வந்தார். பியூஸைக் கழற்றிப் பார்த்தார், சுவிச்சை மாற்றினார், கடைசியில் இரும்புத் தட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரித்தார். "பெட்டியிலை ஒரு பிழையும் இல்லை. பிழை உங்கடை சனத்திலைதான்."

அவர் போன பிறகு றவூப் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், அந்தாள் சப்பாத்தோடையெல்லோ நிண்டவர்! எங்கடை ஆக்கள் பள்ளிவாசலுக்கு வாற மாதிரிச் செருப்பைக் கழட்டிப்போட்டெல்லோ வருகினம்!"

உண்மைதான். அவனுடைய உம்மா கண்ணாடிபோலத் துடைத்து வைத்திருந்த சிமெந்துத் தரையில் செருப்போடு ஏற எவருக்கும் மனம் வராது. எங்கள் சனத்தின் மரியாதை வழியாகத்தான் கறண்ட் மண்ணுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து வந்தது மூன்று வயர். சுவர்ப் பிளக்கில் இருந்ததோ இரண்டு கண். மூன்றாவதை, "ஏர்த்" என்கிற மண் கம்பியை, யாரோ வெட்டி விட்டிருந்தார்கள். றவூப்பும் நானும் அதை நீட்டி, யன்னலால் வெளியே எடுத்து, கிணற்றடியில் அடித்திறக்கிய இரும்புக் குழாயில் கட்டினோம். கடி நின்றது. ஈரம் இருந்தால்தான் மண் கறண்டை வாங்கும், மணல் காய்ந்தால் கடி திரும்ப வரும். ஆகவே றவூப் நாள்தோறும் குழாயடியில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினான். "வாழைக்கு ஊத்தச் சொன்னா ஊத்தமாட்டான், இரும்புக்கு ஊத்துறான்" என்று உம்மா முணுமுணுப்பா.

நாங்கள் வளர்ந்தோம். துவக்குச் சத்தம் பெட்டியை விட்டு வெளியே வந்தது, மின்சாரம் போனது. பிறகு தொண்ணூறாம் ஆண்டில் ஒருநாள், துவக்கு வைத்திருந்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போகவேண்டும் என்றார்கள். பிழை சனத்தில்தான் என்று முடிவெடுத்து, சனத்தையே கழற்றி எறிகிற திருத்தமுறை. நான் படித்த எந்தக் கைநூலிலும் அது இல்லை.

வாப்பா கடையைப் பூட்டினார். உம்மா வெளிப்படியைக்கூடத் துடைத்துவிட்டு இறங்கினா. றவூப் தோளில் பையோடு கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளிக் குழாயடியில் ஊற்றினான்.

"காய விட்டிடாதை, என்ன. வந்திடுவம்."

"ஓம், நான் பாக்கிறன்" என்றேன்.

கறண்ட் இல்லாத பெட்டிக்கு ஏர்த் எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, அப்போதே மின்சார வேலையில் சேர்ந்திருந்த நானும் கேட்கவில்லை. மழையில்லாத நாளெல்லாம் ஊற்றினேன், நானும் ஊரை விட்டு ஓடும் வரை.

றவூப், அகதியாய்ப் போயிருந்த புத்தளத்திலேயே காலமானான். இரண்டு முறை காணி பார்க்க வந்தவன், மூன்றாம் முறை வரவில்லை. இன்று அந்தக் கடைத்தெருவில் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் கப்பல் சுடுகிறார்கள். பற்றரியில் ஓடுவது, மண் தேவையில்லை. கடை இல்லை. கிணறு தூர்ந்துவிட்டது, குழாயை யாரோ இரும்புக்குப் பிடுங்கிவிட்டார்கள். புல்லுக்கு நடுவே அந்தச் சிமெந்துத் தரை மட்டும் வெடித்துக் கிடக்கிறது. போன மாதம் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி, பெட்டி நின்ற மூலையில் சற்று நேரம் நின்றேன்.

கடிக்கவில்லை.