என் கொக்கியில் ஒரே ஒரு முறை

வாலாஜாபாத் சாலையில் நின்றுபோன ஒரு சிமென்ட் லாரிக்கு அடியில் படுத்துச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. லாரி உரிமையாளர் சங்கத்திலிருந்து பேசினார்கள். ஏகாம்பரம் காலையில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டார் என்றார்கள். வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். அந்த லாரி டிரைவர் வெளியூர்க்காரர். "யாருங்க, சொந்தமா?" என்று கேட்டார். "எனக்குப் போட்டியா ரெக்கவரி வண்டி வச்சிருந்தாருபா" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அந்த மனிதர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

காஞ்சிபுரத்தைச் சுற்றி லாரி ஓட்டுகிற உங்களில் ஏகாம்பரத்தைத் தெரியாதவர்கள் குறைவு. பட்டு நெய்கிற குடும்பம். அண்ணனும் அண்ணியும் இன்றும் தறியில்தான் இருக்கிறார்கள். இவர் மட்டும் டீசல் எஞ்சின் பக்கம் வந்து, ஓரிக்கையில் பட்டறை போட்டு, ஒரு பழைய லாரியில் கிரேன் பூட்டி, நின்றுபோன வண்டிகளை இழுக்கிற ரெக்கவரி வண்டியாக்கினார். அதே தொழிலில் நானும் இருந்தேன். எங்காவது லாரி கவிழ்ந்தால் யார் முதலில் போய்ச் சேருவது என்று எங்களுக்குள் பல வருஷம் நாயும் பூனையுமாக நடந்தது. என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஓனரே" என்பார். அதில் மரியாதை இல்லை, நக்கல்தான்.

நான் டர்போ வைத்த புது வண்டி வாங்கியதும் அவருக்குப் பொறுக்கவில்லை. தன் பழைய எஞ்சினின் கம்ப்ரஷனை ஏற்றுவது என்று இறங்கிவிட்டார். டீசல் எஞ்சினில் தீப்பொறி போடும் பிளக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பிஸ்டன் காற்றை நசுக்குகிற நசுக்கில்தான் சூடேறி டீசல் பற்றுகிறது. எத்தனை மடங்கு நசுங்குகிறதோ அதுதான் கம்ப்ரஷன் விகிதம். அது கூடினால் அதே டீசலில் கூடுதல் தள்ளு கிடைக்கும். அவர் எஞ்சின் பிளாக்கின் மேல்மட்டத்தை மயிரிழை அளவு சீவி, அதற்கும் மேல்மூடிக்கும் நடுவில் அடைப்பாக வரும் கேஸ்கெட் தகட்டையும் மெல்லியதாகப் போட்டு மூடினார். வண்டி நிஜமாகவே மாறிவிட்டது. முன்பு திணறிய லோடை முனகாமல் இழுத்தது. "இழுவையும் ஏறிச்சு, மைலேஜும் ஏறிச்சு. உன் டர்போவை எடைக்குப் போடு ஓனரே" என்று டீக்கடையில் எல்லோர் முன்பும் சொன்னார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஐப்பசியில் தென்னேரி ஏரிக்கரையில் ஜல்லி லோடு லாரி ஒன்று சேற்றில் புதைந்தது. ஏகாம்பரம் முந்திக்கொண்டார். பாதி மேட்டுக்கு லாரியை இழுத்து வந்தபோது அவருடைய எஞ்சினில் கேஸ்கெட் வெடித்துவிட்டது. ரேடியேட்டர் கொதித்து, புகைக்குழாய் வெள்ளையாகக் கக்கியதாகச் சொன்னார்கள். எனக்குப் போன் செய்தது அவரே. போனதும் முதலில் ஜல்லி லாரியைக் கரையேற்றினேன். பிறகு அவருடைய வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி என் கொக்கியில் மாட்டினேன். உள்ளுக்குள் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். இன்னொரு ரெக்கவரி வண்டியின் கொக்கியில் தொங்கிப் போனவனை அப்புறம் எவன் நம்பிக் கூப்பிடுவான்? அவர் இத்தனை வருஷம் சேர்த்த பேர் அன்றோடு போய்விடும். எனக்கே பாவமாகிவிட்டது. "சுத்துவழியா போயிடலாம் ஏகாம்பரம், யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன். என் கேபினில் உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டினார். "ஊருக்குள்ளயே போ. நாளைக்கு எவனோ கண்ணு காது மூக்கு வச்சு சொல்றதுக்கு, இன்னைக்கு அவங்களே பாத்துக்கட்டும்."

காந்தி ரோடு நெடுகப் பட்டுக்கடை வாசல்களில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். மூங்கில் மண்டபம் பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர், "இன்னாபா ஏகாம்பரம், உன்னியே இழுத்துக்கினு போறாங்க?" என்று கத்தினார். இவர் ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, "ஆமாம்பா. கம்ப்ரஷன் ஏத்தினேன், கேஸ்கெட் பூட்சு. நல்லா பாத்துக்கோ" என்றார். ஆட்டோக்காரருக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கொஞ்ச தூரம் போனதும் ஏகாம்பரம் என்னிடம் மெல்லக் கேட்டார். "உன்னுது என்னுதைவிட கம்ப்ரஷன் கம்மிதானே? டர்போ காத்தை உள்ள திணிக்கும்னு கம்பெனிக்காரன் முன்னாடியே இடம் உட்டு வச்சிருக்கான். நான் இடமே உடல. தறியில பாவு நூலை ரொம்ப இழுத்துக் கட்டினா இழை அறுந்துக்கும்னு எங்க வீட்ல நண்டு சிண்டுக்குக்கூட தெரியும். தெரிஞ்சே பண்ணேன் பாரு." ஓரிக்கையில் இறங்கும்போது என் கொக்கியைத் தட்டிச் சொன்னார்: "இதான் கடைசி. இனிமே உன் கொக்கியில நான் மாட்ட மாட்டேன் ஓனரே."

தடித்த கேஸ்கெட் போட்டு எஞ்சினைக் கம்பெனி அளவுக்கே திருப்பிவிட்டு, அந்தக் கருகிய கேஸ்கெட்டைப் பட்டறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். இரண்டு சிலிண்டருக்கு நடுவே எரிந்துபோன இடம் பளிச்சென்று தெரியும். இழுவை பத்தவில்லை, கம்ப்ரஷனை ஏற்றிக் கொடு என்று யார் வந்தாலும் அதைக் காட்டித் தென்னேரிக் கதையைச் சொல்வார். கேட்டவர்கள் வேறு பட்டறைக்குப் போனார்கள். போகட்டும் என்பார். "கம்பெனி குடுத்த அளவு போதும். ரிங்கும் வால்வும் ஒழுங்கா இருந்தா அந்தக் கம்ப்ரஷனே இழுக்கும். வண்டி மேட்ல இழுக்கறதைப் பாக்காத, குளிர்ல எப்படி எழுந்துக்குதுன்னு பாரு" என்பது அவர் அடிக்கடி சொன்னது. வேலை குறையும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் தன் தோல்வியைத் தானே சொல்கிற மெக்கானிக் பொய் சொல்லமாட்டான் என்று லாரிக்காரர்கள் திரும்பி வந்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் போட்டி போட்டோம், ஆனால் சண்டை போடவில்லை. என் வண்டி வந்தால் எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திறந்து, ஆயில் ஊற்றுகிற துளையின் மேலேயே தலைகீழாக வைப்பார். உள்ளே கம்ப்ரஷன் கசிந்தால் மூடி துள்ளும். "லேசா ஆடுது ஓனரே. இந்த மழைக்குத் தாங்கும், அடுத்த மழைக்கு என்கிட்ட வந்துடு." நான் பதிலுக்கு என் கொக்கியை ஆட்டிக் காட்டுவேன். அவர் தன் பானெட்டைத் தட்டிக் காட்டுவார்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது மிகவும் மெலிந்திருந்தார். பேச்சு வண்டியைப் பற்றித்தான். "ஆடியிலேர்ந்து நிக்குது. நான் இல்லன்னா வண்டியை எடுக்க நீதான் வருவே. வந்த உடனே கொக்கியைப் போட்டுடாத. முதல்ல ஸ்டார்ட் பண்ணிப் பாரு" என்றார். அட, அதெல்லாம் நீயே ஓட்டுவே என்று ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி கூப்பிட்டார்கள். வண்டியை விற்க ஆள் பார்த்தாகிவிட்டது, ராஜ வீதிப் பக்கம் கொண்டுபோய் விடவேண்டும் என்றார்கள். மார்கழிக் காலை, பாலாற்றுப் பக்கமிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல எஞ்சினே முரண்டு பிடிக்கிற குளிர். சும்மா நின்ற வண்டி எழுந்திருக்காது என்றுதான் என் வண்டியைப் பின்னால் எடுத்து, கொக்கியைக்கூட இறக்கிவிட்டேன். அவர் மனைவி சாவியை நீட்டி, "ஒரு வாட்டி பாருங்கண்ணா. அவரு சொல்லிக்கினே இருந்தாரு" என்றார்கள்.

பேட்டரி செத்துப்போயிருந்தது. என் வண்டியிலிருந்து ஒயர் கொடுத்தோம். ஒயர் கொடுத்ததை இழுத்துப் போனதாகக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று ஏகாம்பரம் இருந்தால் சண்டைக்கே வந்திருப்பார். சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்று. எஞ்சின் பிடித்துக்கொண்டது. இறங்கிப்போய் ஆயில் மூடியைத் திறந்து தலைகீழாக வைத்தேன். அசையவில்லை. அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

தினமும் காலையில் என் வண்டியில் அந்த மூடியை வைத்துப் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த பழக்கம் அது, என்னோடு இருக்கும். அன்று நான் கொக்கியை மேலே ஏற்றிக் கட்டிவிட்டு, என் வண்டியை என்னோடு வந்த டிரைவரிடம் கொடுத்துவிட்டு அவருடைய வண்டியில் ஏறினேன். சுத்துவழி வேண்டாம் என்று அவர் போன காந்தி ரோட்டிலேயே போனோம். ஏகாம்பரத்தின் வண்டி முன்னால் போனது, என் வண்டி பின்னால் வந்தது.