ருசி பார்க்காத சுண்டல்

சைகோன் வீழ்ந்த பிறகு, நான் வேதியியல் சொல்லிக்கொடுத்த பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். அதுவரை பிள்ளைகளிடம் ஒரே பாட்டுத்தான் பாடியிருக்கிறேன்: வெள்ளையாக இருப்பதெல்லாம் சாப்பாட்டு உப்பு இல்லை. பேதியுப்பு கசக்கும். வெடியுப்பு நாக்கைக் குளிரவைக்கும். இறைச்சி கெடாமலிருக்கப் போடும் நைட்ரைட் நம் உப்பைப் போலவே கரிக்கும். அளவு மிஞ்சினால் ரத்தத்தை மூச்சுக்காற்றைச் சுமக்க விடாது. இத்தனையும் தெரிந்த மகராசி நான்.

குருக்கள் ஊருக்குப் போய்விட்டதால், சைகோனில் இருந்த நம் அம்மன் கோயிலில் வெள்ளிக்கிழமைச் சுண்டல் என் பொறுப்பாயிற்று. ரேஷன் உப்பு தீர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா முன்பு பன்றி இறைச்சியைப் பதப்படுத்தி விற்றவள். முந்தின நாள்தான் இரண்டு பிள்ளைகளோடு நாட்டைவிட்டுத் தப்பத் திருட்டுத்தனமாகப் படகேறக் கடலோர வுங் டாவுக்குக் கிளம்பினாள். போகும்போது வீட்டுச் சாவியை என் கையில் திணித்து, "இருப்பதை எடுத்துக்கொள்" என்றாள். அவள் அடுப்படியில் ஒரு டப்பா நிறைய உப்பு. கிடைத்ததே பெரிதென்று இரண்டு கரண்டி போட்டேன். அம்மனுக்குப் படைக்குமுன் நைவேத்தியத்தை ருசி பார்க்கக் கூடாது, பார்க்கவில்லை. படைத்த பிறகும் நான் தொடவில்லை, அன்று எனக்கு விரதம்.

கோயிலுக்கு வேறு யாரும் வரவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் சாப்பிட்டார்.

"உப்பு கொஞ்சம் கரிக்குது."

"அப்படின்னா வச்சிடுங்க."

"பிரசாதத்தக் கீழ போடுவாங்களா? விடு." தொன்னையை வழித்துச் சாப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் அவர் உதடு நீலம் பாரித்தது. பார்த்ததுமே அது நைட்ரைட் என்று எனக்கு விளங்கிவிட்டது. சைக்கிள் ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். "என்ன சாப்பிட்டார்?" என்று டாக்டர் கேட்டபோது, பக்கத்து மேசையில் புது அரசாங்கத்து அதிகாரி ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். உப்பு என்றால் எங்கே கிடைத்தது என்பார்கள். அந்த அம்மா இன்னும் கரையில் படகுக்குக் காத்திருந்தால்? பிள்ளைகளோடு பிடிபடுவாளே. "தெரியவில்லை" என்றேன்.

பாவி நான். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும் டாக்டரைத் தனியே இழுத்துப்போய்ச் சொன்னேன். அவர் ஓடிப்போய் ஊசி மருந்தோடு வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

"மருந்து இங்கேயே இருந்ததம்மா," என்றார் டாக்டர். "வந்ததுமே சொல்லியிருக்கலாமே."

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். உப்பைப் பற்றியோ பக்கத்து வீட்டைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறந்தவருடைய பெயரை எப்படி எழுதுவது என்று மட்டும் கேட்டார்.