காதர் பாய்க்கு மூன்று ரீசார்ஜ்

பாலக்கரையில் மொபைல் கடை போட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு வியாதி. யாராவது வீணாக ரீசார்ஜ் போட்டால் வயிறு எரியும். வீட்டில் வைஃபை வைத்துக்கொண்டு தினம் ரெண்டு ஜிபி பிளான் கேட்கிறவர்களைத் திட்டியே அனுப்பியிருக்கிறேன். பெரிய பிளான் போட்டால் கமிஷன் கூட வரும், இருந்தும் வாய் சும்மா இருக்காது. எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீரங்கம்; ஸ்ரீரங்கத்துக்காரருக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள்.

ஒரு நாள் காதர் பாய் வந்தார். பெரிய கடைவீதியில் பூட்டுக்கடை வைத்திருந்து, மூடிவிட்டு வீட்டோடு இருப்பவர். மனைவி தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பட்டன் போனை நீட்டி, மெசேஜாக வந்து குவிகிறது, என்னவென்று பாருங்கள் என்றார். பார்த்தால், ஓடிக்கொண்டிருக்கும் பிளானுக்குப் பின்னால் இன்னும் பல பிளான்கள் கியூவில் நிற்கின்றன. எல்லாம் தினசரி டேட்டா உள்ளவை. நெட்டே இல்லாத போனுக்கு!

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. துபாயில் இருக்கும் மூத்த மகன், சென்னையில் இருக்கும் நடுப்பிள்ளை, துவாக்குடியில் பட்டறை வைத்திருக்கும் கடைசிப் பையன், மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லாமல் மாசாமாசம், அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கு ரீசார்ஜ் போட்டு வந்திருக்கிறார்கள்.

"விடுங்க தம்பி, பசங்க ஆசையா போடுறாங்க" என்றார் பாய்.

நான் விடுவேனா? நம்பர்களை வாங்கி, கடையில் இருந்தபடியே மூன்று பேரிடமும் பேசினேன். கியூ தீரும்வரை யாரும் போட வேண்டாம், தீர்ந்ததும் டேட்டா இல்லாத, பேச மட்டும் உள்ள வருஷ பிளான் ஒன்று போதும், அதை மூத்தவர் போடட்டும் என்றேன். மூன்று பேருக்கும் சந்தோஷம். மூத்தவர் பணம் அனுப்ப, அந்தப் பிளானையும் நானே அன்றைக்கே கியூவின் கடைசியில் போட்டுவிட்டேன். கொஞ்ச நாள் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லி அலட்டிக்கொண்டேன்.

ரெண்டு மாசம் கழித்து பாய் திரும்பி வந்தார்.

"போன் ரிப்பேர் போல தம்பி. ரிங்கே வர மாட்டேங்குது."

என் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன். கணீரென்று ரிங் போனது. டவரும் முழுசாக இருந்தது. போனில் வந்த கால் லிஸ்டைப் பார்த்தேன். பேங்க் லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்கள், கேஸ் சிலிண்டர்காரர், அவ்வளவுதான். போன் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவராகவே சொன்னார். மனைவி இருந்தவரை பிள்ளைகள் அந்த அம்மாவிடம்தான் பேசுவார்களாம். அத்தா நல்லா இருக்காங்களா என்று கேட்பதோடு சரி. அந்த அம்மா போன பிறகு, ரீசார்ஜ் போட்டதும் மெசேஜ் வந்துச்சா என்று கேட்க ஒவ்வொருவரும் கூப்பிடுவார்கள். வந்துச்சு என்பார். அதைத் தொட்டு, சாப்பிட்டீங்களா, அங்கே மழையா என்று ரெண்டு வார்த்தை ஓடும். இப்போது ரீசார்ஜும் இல்லை, பேச்சும் இல்லை.

நீங்களே கூப்பிட வேண்டியதுதானே என்றேன்.

"நான் கூப்பிட்டா என்னமோ ஏதோன்னு பதறிப்போறாங்க தம்பி. ஒண்ணுமில்லப்பான்னு சொல்லி வச்சிடுறேன்."

எனக்கு முகம் சுண்டிப்போனது. அவருக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே என்று வெட்கமாக இருந்தது. போட்ட வருஷ பிளானைத் திருப்பி எடுக்கவும் வழியில்லை. பாய் ஏற்கெனவே யோசித்துத்தான் வந்திருந்தார். பையிலிருந்து ஆதாரை எடுத்து வைத்து, மாசாமாசம் போடுகிற மாதிரி இன்னொரு சிம் கொடுங்கள் என்றார். வீட்டுக்குள் பழைய நம்பருக்கு டவர் கிடைக்கவில்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்வாராம்.

தேவையே இல்லாத சிம் அது. மறுபேச்சு பேசாமல் ஆக்டிவேட் பண்ணிக் கொடுத்தேன். ஆனாலும் பழைய புத்தி போகவில்லை. மூன்று பேரும் சேர்ந்து போட்டால் மறுபடி கியூவில் தேங்கும், மாத்தி மாத்திப் போடச் சொல்லுங்கள் என்றேன்.

"மாத்தி மாத்தின்னா ஒவ்வொருத்தனும் மூணு மாசத்துக்கு ஒருக்காத்தானே பேசுவான்? மூணு பேரும் போடட்டும் தம்பி."

போடட்டும் பாய் என்றேன்.

புதிதாகக் கவுன்டரில் உட்காருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டேட்டா எவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், ரீசார்ஜ் யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். போட்டதும் கூப்பிட்டுப் பேசுவார்களா என்றும் கேளுங்கள். பேசுவார்கள் என்றால், மலிவு பிளானைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள்.