மொட்டை மாடிக்கு எந்தப் பக்கம்?

ஃபிளாட்டுகள் முளைத்த தொண்ணூறுகளில், வாங்குபவர்களுக்காக வீட்டைப் பரிசோதித்துச் சொல்வது என் தொழில். சுழல் நாற்காலி வாங்கியதும் முதலாளியாகிவிட்டேன். மாடி ஏறுவது ஊழியர்கள் வேலை. ‘நேரில் பார்த்தேன்’ என்ற வரியின்கீழ் கையெழுத்திடுவது என் வேலை.

அப்படி நான் நற்சான்று தந்த அடையாறு ஃபிளாட்டை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வாங்கினார். முதல் மழையிலேயே ஒழுகியது. கூப்பிட்டார்; போனேன். கட்டிலின்மேல் வாளி.

"எல்லாம் பில்டர் பண்ண வேலைம்மா," என்று அதட்டலாக ஆரம்பித்தேன். "மொட்டை மாடிக்கு எந்தப் பக்கம் போகணும்?"

டீச்சர் என்னையே பார்த்தார்.

"எனக்கு முட்டி வலி, ஏற முடியாது. நேர்ல பாத்தேன்னு நீங்க எழுதினத நம்பித்தானே சார் வாங்கினேன்?"

பிறகு வழியைக் காட்டி, குடையும் நீட்டினார். வாங்கக் கூச்சமாக இருந்தது, நனைந்துகொண்டே ஏறினேன். மேலே இருந்த விரிசல் என் கையெழுத்தைவிடப் பெரியது.

இப்போதெல்லாம் நானேதான் ஏறுகிறேன். வழி மட்டும் யாரிடமும் கேட்பதில்லை.