ஐந்தரை மணிக்கு அறுந்த லைன்

நாலு வருடத்துக்கு முன், ஒரு தை மாதம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே கம்பியில்லாமல் மைக்ரோவேவ் அலையில் இன்டர்நெட் அனுப்பும் சின்ன நிறுவனம் ஒன்றில் நான் இன்ஜினியர். எங்கள் டவர் ஒன்று விக்கிரவாண்டிக்குச் சற்று முன்னால் ஒரு வயலை ஒட்டி இருந்தது. தினமும் விடிகாலை ஐந்தரைக்கு அங்கிருந்து திண்டிவனத்துக்குப் போகும் லைன் அறுந்துவிடும். எட்டு மணிக்குத் தானாகச் சரியாகும். டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தேன், கேபிளை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. மேலதிகாரி போனிலேயே என்னை வறுத்தெடுத்தார்.

அப்போதுதான் அந்த வயல்காரம்மா கண்ணில் பட்டார். என் வயதுதான் இருக்கும். அவர் மோட்டார் போடுவதும் அதே ஐந்தரைக்கு. மும்முனை மின்சாரம் அங்கே காலையில்தான் வரும். மோட்டார் கரன்ட்டை இழுப்பதால்தான் டவர் படுத்துவிடுகிறது என்று நானே முடிவுகட்டி, ஒரு வாரம் மோட்டார் போட வேண்டாம் என்று கேட்டேன்.

“மல்லாட்டை விழுது எறங்குற நேரம் சார். தண்ணி வுடலன்னா காயெல்லாம் பொக்காப் பூடும்” என்றார். அந்தப் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். ஆஸ்பத்திரிக்கெல்லாம் இந்த லைன்தான் போகிறது என்றேன். “செரி சார்” என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மோட்டார் ஓடவில்லை. லைன் அதே ஐந்தரைக்கு அறுந்தது. அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். படித்தவன், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. இன்னும் நாலு நாள் பார்க்கலாம் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் பனியில் டவரடியில் நின்றிருந்தேன். அவர் வந்து, “மோட்டாரே ஓடல, இன்னமும் கட்டாவுதா சார்?” என்று கேட்டார். தலையாட்டினேன். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினார். “தோ, டோல்கேட்டுல லாரி ஹாரன் அடிக்கிறது காதாண்ட கேக்குது பாருங்க. வெயில் ஏறிட்டா கேக்காது. பனி நாள்ல எல்லாமே இப்படித்தான் பேஜாரு.”

எனக்குச் சுரீர் என்றது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதற்கு மேலே உள்ள காற்று சூடாக இருந்தால் சத்தம் மட்டுமல்ல, மைக்ரோவேவ் அலையும் வளையும். டிஷ்ஷுக்கு ஒழுங்காக வந்து சேராது. வெயில் ஏறிக் காற்று கலந்ததும் சரியாகிவிடும். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதியவன் நான். “தப்பு என்னோடதுங்க, இப்பவே மோட்டார் போடுங்க” என்றேன். அவர் ஓட்டமாக ஓடினார்.

பிறகு டவரில் கொஞ்சம் கீழே இன்னொரு டிஷ் கட்டினோம். அலை வளைந்து ஒன்றுக்குத் தப்பினாலும் மற்றதில் விழும். லைன் அறுவது நின்றது.

அறுவடை சமயம் போயிருந்தேன். குவித்திருந்த காயில் நாலைந்தை உடைத்துப் பார்த்தேன். நிறையப் பொக்கு, உள்ளே பருப்பே இல்லை. அவரோ நல்ல காயாகப் பொறுக்கி என் கையில் கொடுத்தார். மோட்டாரை நிறுத்தச் சொன்னது தெரியாமல் செய்த தப்பு. தெரிந்த பிறகும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனே, அதற்கு என்ன சமாதானம் சொல்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.