வேலுச்சாமி மாஸ்டரின் காரம்

செவ்வாய்க்கிழமை காலை. ராஜபாளையத்தில் எங்கள் ஓட்டல் அடுப்பு பற்றவைத்தாகிவிட்டது, குழம்பு, கறியெல்லாம் வைக்கும் சரக்கு மாஸ்டரை இன்னும் காணோமே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன்தான் வந்தது. “அண்ணாச்சி, அவிய போயிட்டாவ” என்றார் அவர் மனைவி. நெஞ்சுவலியாம். அடுப்பை அணைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

பதினேழு வருடங்களுக்கு முன் வேலுச்சாமி மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்ததும், முதல் காரியமாக என் மிளகாய்த்தூள் பாக்கெட்டுகளைத் திருப்பி அனுப்பினார். வற்றலின் விதையை உதறி, வெந்நீரில் ஊறவைத்து, மைபோல் அரைப்பார். விழுதைச் சிறுதீயில் நல்லெண்ணெய் பிரியும்வரை வதக்குவார். மிளகை இறக்கும்போதுதான் இடித்துப் போடுவார். எனக்குப் பொறுமை போய்விடும்.

“எம்புட்டு நேரம் மாஸ்டர்?”

“காரம் நாக்குல ஏறி எறங்கிரணும் அண்ணாச்சி. வயித்துக்குள்ள போயி வம்பு பண்ணப்படாது.”

கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்து சாப்பிட்டது அவர் இப்படிச் செய்த மட்டன் சுக்காவைத்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்கு ருசியும் வாசனையும் அடியோடு போய்விட்டன. என்னிடம் மட்டும் சொன்னார். “வெளிய தெரிஞ்சா என்னைய எவன் மாஸ்டர்னு மதிப்பான்? இனிமே நீங்கதான் பாத்துச் சொல்லணும்.” அன்றிலிருந்து தினமும் பத்தரை மணிக்கு என் உள்ளங்கையில் கொஞ்சம் சுக்கா வைத்துவிட்டு, ரிசல்ட்டுக்கு நிற்கும் பிள்ளைபோல என் முகத்தையே பார்ப்பார்.

ஒருநாள் காரம் எக்கச்சக்கம். அவரை நோகடிக்க மனம் வராமல் “பிரமாதம்” என்றேன். முதல் இலையில் உட்கார்ந்தவர் ஒரே மடக்கில் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்ததை மாஸ்டர் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை. சட்டியை ஓரமாக இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“நாக்கு போனது எனக்குத்தான அண்ணாச்சி. ஒங்களுக்கு என்ன வந்துச்சு?”

என் ஆயுளில் அப்படி வெட்கப்பட்டதில்லை. அதன்பிறகு அவரிடம் நான் பொய் சொல்லவே இல்லை. கூடியது என்றால் தேங்காய்ப்பால், குறைந்தது என்றால் மிளகு என்று அவர் கை தானாகப் போகும்.

அவர் காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் ஓட்டலைத் திறந்து, அவர் நின்ற இடத்தில் நின்று நானே சுக்கா செய்தேன். பத்தரை மணிக்கு உள்ளங்கையில் வைத்து ருசி பார்த்தேன். எதிரே முகம் பார்க்க ஆள் இல்லை. அழுகை வந்துவிட்டது. ஆனாலும் அடுப்பைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்: “காரம் கூடிப்போச்சு, மாஸ்டர்.”

இலை போடுவதற்குள் சரிசெய்துவிடுகிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.